அவரை எப்படிக் கூப்பிடுவது? செயற்கை மொழிகளில் பெயரும் விளியும்

சொந்தமாக ஒரு மொழியை உருவாக்கிப் பார்க்கும் ஆசை எனக்குப் பல வருடங்களாக உண்டு. நோட்டு நிறைய எழுதி வைத்திருந்தேன். உயிர் எத்தனை, மெய் எத்தனை, வினை எப்படிக் காலம் காட்டும், பன்மைக்கு எந்த விகுதி, எண்கள் பத்துப் பத்தாக ஏறுமா பன்னிரண்டாகவா என்று எல்லாம் தயார். சரி, இனி இந்த மொழியில் யாராவது பேசட்டும் என்று ஒரு சின்ன உரையாடல் எழுத உட்கார்ந்தேன். ஒரு ஆற்றங்கரை, இருபது வயதுப் படகோட்டி, அக்கரைக்குப் போக வேண்டிய ஒரு மூதாட்டி. அவன் அவரைக் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான் முதல் வரி. அந்த வரியை என்னால் எழுத முடியவில்லை.

ஏனென்றால் கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அவருடைய பெயர் இவனுக்குத் தெரியுமா? தெரிந்தாலும் சொல்லலாமா? இந்த மொழியில் 'நீ', 'நீங்கள்' என்று இரண்டு உண்டா, ஒன்றுதானா? பெயரோடு அப்பா பெயர் வருமா, அம்மா பெயரா, ஊரா, குலமா? தெரியாதவரை உறவுச் சொல்லால் அழைக்கும் மக்களா இவர்கள், இல்லை தொழிலால் அழைப்பவர்களா? வினை அட்டவணை போடும்போது எதிரே யாரும் இருக்கத் தேவையில்லை. கூப்பிடும் சொல்லை எழுத இரண்டு பேர் வேண்டும், அவர்களுக்கு நடுவே எவ்வளவு தூரம் என்பதும் தெரிய வேண்டும். அந்தத் தூரத்தை நான் யோசித்திருக்கவே இல்லை.

அப்புறம்தான் மற்றவர்கள் உருவாக்கிய மொழிகள் இதை எப்படிக் கையாண்டன என்று தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க ஒன்று உறுதியாகத் தோன்றியது. ஒரு செயற்கை மொழியை உருவாக்கியவர் எந்த மாதிரி மனிதக் கூட்டத்தை மனதில் வைத்திருந்தார் என்பதை அவருடைய வேற்றுமை உருபுகளில் கண்டுபிடிப்பது கஷ்டம். பெயர் விதியிலும் விளியிலும் அது பளிச்சென்று தெரிந்துவிடும்.

எஸ்பெராந்தோவிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் இந்த வகையில் அதிகம் பேசப்பட்டு, அதிகம் தேய்ந்து, அதிகம் மாறிய மொழி அதுதான். அந்த மொழியின் பெயரே ஒரு ஆளின் புனைபெயர். லுத்விக் ஜமென்ஹோஃப் 1887இல் வார்சாவில் முதல் நூலை வெளியிட்டபோது மொழிக்கு வைத்த பெயர் 'சர்வதேச மொழி' என்ற பொருள் தரும் சாதாரணத் தொடர். ஆசிரியர் பெயராகத்தான் 'டாக்டர் எஸ்பெராந்தோ' என்று போட்டார். 'நம்பிக்கையோடு இருப்பவர்' என்பது அதன் பொருள். மொழிக்கு வைத்த பெயரை மக்கள் விட்டுவிட்டு ஆளுக்கு வைத்த பெயரை மொழிக்குக் கொடுத்துவிட்டார்கள். பெயர் விஷயத்தில் உருவாக்கியவர் நினைப்பது ஒன்று, பேசுபவர்கள் செய்வது இன்னொன்று என்பதற்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது.

முன்னிலைக்கு வருவோம். ஜமென்ஹோஃப் வளர்ந்த பியாலிஸ்டாக்கில் ரஷ்யர், போலிஷ்காரர், ஜெர்மானியர், யூதர் என்று பலரும் அருகருகே, ஆனால் ஒருவரை ஒருவர் நம்பாமல் வாழ்ந்தார்கள். அவர் காதில் விழுந்த மொழிகள் எல்லாமே எதிரே இருப்பவரைத் தரம் பிரிக்கும் மொழிகள். ரஷ்ய மொழியில் 'நீ' என்பதற்கு ஒரு சொல், 'நீங்கள்' என்பதற்கு ஒரு சொல். ஜெர்மனிலும் அப்படியே. போலிஷ் மொழியில் மரியாதை கொடுக்க வேண்டுமென்றால் முன்னிலையையே விட்டுவிட்டு 'ஐயா எங்கே போகிறார்?' என்று படர்க்கையில் பேச வேண்டும். இவ்வளவையும் கேட்டு வளர்ந்தவர் தன் மொழியில் 'வி' என்று ஒரே ஒரு சொல்லை வைத்தார். ஒருவருக்கும் 'வி', பலருக்கும் 'வி', குழந்தைக்கும் அதுதான், அரசனுக்கும் அதுதான். எஸ்பெராந்தோவில் பரலோகப் பிதாவை வேண்டும்போதும் 'வி' என்றே சொல்கிறார்கள்.

இது சோம்பலால் வந்த எளிமை இல்லை, தெரிந்தே எடுத்த முடிவு. அதற்குச் சாட்சி இருக்கிறது. 'ட்சி' என்று ஒரு நெருக்கமான 'நீ'யும் அவருடைய பயிற்சிப் பாடங்களில் வருகிறது, ஆனால் வந்த இடத்திலேயே 'இதற்குப் பதிலாக வழக்கமாக வி என்றே சொல்வார்கள்' என்ற குறிப்போடு வருகிறது. கதவைச் செய்து வைத்து, உடனே சாத்தியும் வைத்தார். பிறகு கவிதையிலும், இரண்டு முன்னிலை உள்ள மொழிகளிலிருந்து செய்த மொழிபெயர்ப்புகளிலும் சிலர் அதைத் திறந்திருக்கிறார்கள், பேச்சில் அது ஒட்டவில்லை. 1905இல் பிரான்சின் பூலோன்-சூர்-மேரில் முதல் உலக மாநாட்டுக்கு 688 பேர் வந்தார்கள். அந்தக் கூட்டத்தை யோசித்துப் பாருங்கள். யாரை எப்போது எப்படி அழைக்கலாம் என்பதில் ஆளுக்கொரு பழக்கம் உள்ள ஊர்களிலிருந்து வந்தவர்கள். ஒருவருக்கு மரியாதைக் குறைவாகத் தெரிவது இன்னொருவருக்கு நட்பாகத் தெரியும். அங்கே ஒரே 'வி' இருந்தது எவ்வளவு சிக்கலைத் தவிர்த்திருக்கும்! எனக்கு இந்த ஒற்றைச் சொல் எஸ்பெராந்தோவின் பதினாறு இலக்கண விதிகளைவிட முக்கியமானதாகப் படுகிறது.

எல்லோருக்கும் அப்படிப் படவில்லை. எஸ்பெராந்தோவைத் திருத்துகிறோம் என்று 1907இல் பிரிந்து வந்த இடோ என்ற மொழியில் 'து', 'வு', 'வி' என்று மூன்று வைத்தார்கள். நெருக்கமானவருக்கு ஒன்று, மரியாதைக்கு ஒன்று, பலருக்கு ஒன்று. எஸ்பெராந்தோவுக்கு முன்னால் ஷ்லேயர் என்ற ஜெர்மன் பாதிரியார் உருவாக்கிய வோலபூக்கிலும் மரியாதை முன்னிலை தனியாக இருந்தது. ஆக, ஒரே ஒரு முன்னிலை என்பது அந்தக் காலத்தில் யாரும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக்கூடிய விஷயமாக இல்லை.

பெயர்ச்சொற்கள் வேறு விதமான தொல்லை. எஸ்பெராந்தோவில் எல்லாப் பெயர்ச்சொல்லும் 'ஒ'வில் முடிய வேண்டும், பெயரடை 'அ'வில் முடிய வேண்டும். யோஹானோ, பெட்ரோ எல்லாம் பிரச்சனை இல்லை. மரியா என்று ஒரு பெண் வந்தால்? விதிப்படி அது பெயரடை மாதிரி ஒலிக்கிறது. மரியோ என்று மாற்றினால் உலகத்தில் பாதிப் பேருக்கு அது ஆண் பெயர். இன்றுவரை இரண்டு விதமாகவும் எழுதுகிறார்கள். இதோடு செயப்படுபொருளுக்கு 'ன்' சேர்க்க வேண்டும் என்ற விதியும் உண்டு, யோஹானோவைப் பார்த்தேன் என்றால் 'யோஹானோன்'. எஸ்பெராந்தோ வடிவத்துக்கு மாற்றாத வெளிமொழிப் பெயருக்கு இந்த 'ன்' ஒட்டாது. அப்போது அதை விட்டுவிடலாம், அல்லது நடுவில் ஒரு சிறு கோடு போட்டு ஒட்டலாம்.

இங்கேதான் எல்லாச் செயற்கை மொழிகளுக்கும் பொதுவான கேள்வி வருகிறது. பெயர் மொழிக்கு வளைய வேண்டுமா, மொழி பெயருக்கு வளைய வேண்டுமா? ஒருவருடைய பெயர் அவரோடு பிறந்தது மாதிரி. அதை மாற்றச் சொல்வது சின்னக் கோரிக்கை இல்லை. எஸ்பெராந்தோ பேசுபவர்கள் கண்டுபிடித்த நடைமுறை எனக்குப் பிடிக்கும்: எப்படி எழுதிக்கொள்வது என்பதைப் பெயருக்குச் சொந்தக்காரரே முடிவு செய்கிறார். அப்புறம் குடும்பப் பெயரை முழுக்கப் பெரிய எழுத்தில் எழுதும் பழக்கமும் அவர்களிடம் பரவலாக உண்டு. ஹங்கேரியர், ஜப்பானியர், சீனர் குடும்பப் பெயரை முன்னால் எழுதுவார்கள், பல ஐரோப்பியர் பின்னால் எழுதுவார்கள். எது எது என்று குழம்பாமல் இருக்கவும், யாரையும் வரிசையை மாற்றச் சொல்லாமல் இருக்கவும் இந்த ஒரு ஏற்பாடு போதும்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடம். எஸ்பெராந்தோவில் வேர்ச்சொல்லைத் தொடக்கூடாது. முன்னால் ஒட்டலாம், பின்னால் ஒட்டலாம், வேரை வெட்டக்கூடாது. அந்த மொழியின் முழுக் கட்டுமானமும் இந்த ஒரு உறுதிமொழி மேல்தான் நிற்கிறது. அதை மீற இரண்டே இரண்டு ஒட்டுகளுக்கு அனுமதி உண்டு, இரண்டும் செல்லப் பெயருக்கானவை. ஆண் பெயருக்கு 'ச்ய்', பெண் பெயருக்கு 'ன்ய்'. பெயரின் முதல் ஒன்று முதல் ஆறு எழுத்து வரை எடுத்துக்கொண்டு மீதியை வெட்டிவிட்டு இதைச் சேர்க்கலாம் என்று ஜமென்ஹோஃப் எழுதிவைத்தார். மிகாயேல் 'மிச்யோ' ஆகிறான், அலெக்சாண்டர் 'அலெச்யோ' ஆகிறான், மரியா 'மான்யோ' ஆகிறாள். அப்பாவுக்குரிய 'பட்ரோ' வீட்டில் 'பாச்யோ', அம்மாவுக்குரிய 'பட்ரீனோ' 'பான்யோ'. எங்கே வெட்டுவது என்பதற்கு விதி இல்லை, கூப்பிடுபவர் வாய்க்கு எது இதமோ அங்கே. கணக்குப் போட்ட மாதிரி ஒரு இலக்கணத்தை எழுதிய மனிதர், பிரியம் வரும் இடத்தில் மட்டும் தன் முதன்மை விதியைத் தானே உடைத்திருக்கிறார். அதற்குக் காரணத்தை அவர் விளக்கவில்லை. விளக்க வேண்டிய அவசியமும் இல்லை, தன் பிள்ளையை முழுப் பெயர் சொல்லி யார் கொஞ்சுகிறார்கள்?

பெயரோடு சேர்க்கும் மரியாதைச் சொற்களில் இவ்வளவு அழகு இல்லை. ஆண்களுக்கு 'சின்யோரோ', திருமணமான பெண்ணுக்கு 'சின்யோரீனோ', ஆகாத பெண்ணுக்கு 'ஃப்ராவ்லீனோ' என்பது பழைய ஏற்பாடு. பெண்ணின் திருமண நிலையை அவளைக் கூப்பிடும் ஒவ்வொரு முறையும் அறிவிக்க வேண்டியதில்லை என்று பலர் அந்தக் கடைசிச் சொல்லை இப்போது விட்டுவிட்டார்கள். ஆண் சொல்லை அடிப்படையாக வைத்து 'ஈன்' சேர்த்தால் பெண் சொல் என்ற அமைப்பே பலருக்கு உறுத்துகிறது. படர்க்கையில் அவன், அவள் இரண்டுக்கும் நடுவே பால் காட்டாத 'ரி' என்ற சொல்லைப் பேசுபவர்களே கொண்டுவந்து புழங்குகிறார்கள். ஜமென்ஹோஃப் வகுத்ததில் அது இல்லை. இதோடு 'சமிதேயானோ' என்று ஒரு விளி. ஒரே எண்ணம் கொண்டவர் என்று பொருள். இன்னொரு எஸ்பெராந்தோக்காரருக்குக் கடிதம் எழுதும்போது ஐயா, அம்மா இடத்தில் இதைப் போடுவார்கள். வயதும் பதவியும் ஆணா பெண்ணா என்பதும் பின்னால் போய், 'நாமிருவரும் ஒரே காரியத்தில் இருக்கிறோம்' என்பது முன்னால் வரும் ஒரு சொல்.

லோஜ்பான் இதற்கு நேர் எதிர் மனநிலையில் பிறந்தது. ஜேம்ஸ் குக் பிரவுன் 1955இல் தொடங்கிய லோக்லான் என்ற தர்க்க மொழியிலிருந்து பிரிந்து 1987 முதல் தனியாக வளர்ந்த மொழி இது. இதில் வாக்கியத்தைக் கேட்கும்போது சொல் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதில் துளிக்கூடச் சந்தேகம் வரக்கூடாது. அதற்காகப் பெயர்களுக்கு ஒரு கடுமையான விதி வைத்தார்கள். பெயர் மெய்யெழுத்தில்தான் முடிய வேண்டும், அதன் பிறகு ஒரு சிறு நிறுத்தம் வர வேண்டும். மற்றச் சொற்கள் எல்லாம் உயிரில் முடிவதால், காதில் மெய்யும் நிறுத்தமும் விழுந்தாலே 'ஓ, இது ஒரு பெயர்' என்று தெரிந்துவிடும். ஜான் 'ஜான்' என்றே இருக்கலாம். மேரிக்கு வால் வேண்டும், 'மேரிஸ்' ஆகிறார். அன்னா 'அனஸ்' ஆகிறார். எந்த மெய்யைச் சேர்ப்பது என்பது அவரவர் விருப்பம், பெரும்பாலும் ஸ் அல்லது ன்.

இதில் ஒரு சங்கடம் வந்தது. லோஜ்பானில் பெயருக்கு முன்னால் 'லா' என்ற சிறு சொல் வரும், கூப்பிட 'டொய்' வரும். அந்த ஒலிகள் பெயருக்குள்ளேயே இருந்தால் கேட்பவர் அங்கே பெயர் தொடங்குகிறது என்று நினைத்துவிடலாம். ஆகவே அந்த அசைகளைப் பெயருக்குள் வைக்கத் தடை போட்டார்கள். லைரா என்று ஒருவர் இருந்தால் அவர் தன் பெயரின் முதல் அசையையே மாற்ற வேண்டும். எந்தத் தர்க்கத்துக்காகவும் ஒருவர் தன் பெயரின் நடுவே கத்தி வைக்கச் சம்மதிப்பாரா? பேசுபவர்கள் வேறு வழி கண்டார்கள். பெயருக்குப் பின்னால் மட்டும் இல்லாமல் முன்னாலும் ஒரு நிறுத்தம் வைத்துவிட்டால் குழப்பமே வராது, எந்த அசையும் உள்ளே இருக்கலாம். பெயருக்கு இரண்டு பக்கமும் ஒரு சின்ன மௌனம். தர்க்கமும் கெடவில்லை, லைராவும் லைராவாகவே இருக்கலாம்.

விளியில் லோஜ்பான் அள்ளிக் கொடுக்கிறது. அவ்வளவு வறண்ட மொழி என்று பேர் வாங்கியதில் இவ்வளவு விளிச்சொற்கள் இருப்பது எனக்கு ஆச்சரியம். சும்மா கூப்பிட 'டொய்'. வணக்கத்தோடு கூப்பிட 'ஷொய்', விடைபெற 'ஷொஹொ', நன்றியோடு 'கிஹெ', விருந்தாளியை வரவேற்க 'ஃபிஹி'. நடுவில் குறுக்கிட வேண்டுமென்றால் 'தாஹா', இன்னொரு முறை சொல்லுங்கள் என்பதற்கு 'கெஹொ', நான் பேசி முடித்தேன் இனி உங்கள் முறை என்பதற்கு 'முஹொ'. கடைசியில் உள்ளவற்றில் வயர்லெஸ் கருவியில் பேசும் முறையின் சாயல் நன்றாகவே தெரியும். ஒவ்வொன்றின் பின்னாலும் பெயரை வைத்துவிட வேண்டியதுதான். தன்னை அறிமுகம் செய்துகொள்ளத் தனியாக 'மிஹெ' உண்டு, அதுவும் இந்தக் குடும்பத்திலேயே சேர்க்கப்பட்டிருக்கிறது. தன் பெயரைச் சொல்வதும் ஒரு விளிதான் என்று அவர்கள் எடுத்துக்கொண்டது நுட்பமான யோசனை.

மரியாதையை முன்னிலைச் சொல்லில் வைக்காமல் வேறு இடத்தில் வைத்தார்கள். லோஜ்பானில் 'தொ' என்ற ஒரே முன்னிலைதான், அதில் மேல் கீழ் இல்லை, ஒருமை பன்மையும் இல்லை. ஆனால் எந்தச் சொல்லுக்குப் பின்னாலும் 'காஹி' என்ற ஒட்டைச் சேர்த்தால் 'இவருக்கு நான் மேலே' என்ற தொனி வரும், அதையே மறுத்து 'காஹிநை' என்றால் பணிவு, நடுவே சமநிலைக்கும் ஒரு வடிவம். வேண்டுமென்றால் சேர், வேண்டாமென்றால் விடு. மரியாதை காட்ட வழி இருக்கிறது, கட்டாயம் இல்லை. நாம், நாங்கள் என்ற வேறுபாட்டை இந்த மொழி இன்னும் ஒரு படி பிரித்து, 'நானும் நீயும்', 'நானும் நீ அல்லாத மற்றவர்களும்', 'நானும் நீயும் மற்றவர்களும்' என்று மூன்று சொல் வைத்திருக்கிறது. நாம், நாங்கள் இரண்டையும் பிறந்ததிலிருந்து புழங்கும் நமக்கு அந்த மூன்றாவதின் அவசியம் உடனே புரியும்.

டோக்கி போனா கனடாவைச் சேர்ந்த சோன்யா லாங் 2001இல் வெளியிட்ட சிறிய மொழி. சொற்கள் ஏறக்குறைய 120, எழுத்துகள் 14. இதில் பெயர் ஒருபோதும் தனியாக நிற்காது, ஏனென்றால் இங்கே பெயர் பெயர்ச்சொல்லே இல்லை, அடைச்சொல். முன்னால் ஒரு சாதாரணச் சொல் வேண்டும். மனிதர் என்றால் 'யான்', நாடு என்றால் 'மா', மொழி என்றால் 'டோக்கி'. மொழியை உருவாக்கியவரே அதில் 'யான் சோன்யா'தான். யான் என்றதும் நம் காதில் பழைய இலக்கியத்து 'நான்' கேட்கும், இங்கே அது 'ஆள்'. யான் சோன்யா என்றால் 'சோன்யா-த்தன்மை உள்ள ஆள்' என்று பிரித்துப் பொருள் கொள்ளலாம். முதலில் மனிதர், அப்புறம் இன்னார். கூப்பிடும்போது பின்னால் ஒரு 'ஓ' சேரும், 'யான் சோன்யா ஓ' என்று. பெயருக்குப் பின்னால் விளி வருவது நம் வாய்க்குப் பழகியதுதான்.

பதினான்கு எழுத்துக்குள் உலகத்துப் பெயர்கள் எல்லாம் அடங்க வேண்டும் என்பதால் இங்கே பெயர்தான் முழுக்க வளைகிறது. ட, த இரண்டுக்கும் ஒரே எழுத்து, ப வல்லொலியும் மெல்லொலியும் ஒன்றே, மெய்கள் அடுத்தடுத்து நிற்கக்கூடாது, அசையின் முடிவில் ன் மட்டும் வரலாம். அலெக்சாண்டர் 'அலெசான்டெ' என்று ஆகலாம். கேட்கக் கடுமையாக இருக்கிறது, ஆனால் அங்கே பேசுபவர்கள் இதை இழப்பாக எடுத்துக்கொள்வதாகத் தெரியவில்லை. மாற்றும் வேலையை வேறு யாரும் செய்வதில்லை, அவரே செய்துகொள்கிறார். சிலர் பழைய பெயரைச் சுருக்காமல் புதிதாக ஒன்றை வைத்துக்கொள்கிறார்கள். இன்னும் சிலர் முன்னால் வரும் 'யான்' என்பதையே மாற்றுகிறார்கள். விலங்கைக் குறிக்கும் 'சொவெலி', பறவையைக் குறிக்கும் 'வாசொ' என்று போட்டுக்கொள்பவர்கள் நிறைய. எல்லோருக்கும் ஒரே முன்சொல் என்று தொடங்கிய அமைப்பில், தன்னை எந்த வகையில் சேர்த்துக் கூப்பிட வேண்டும் என்று சொல்ல ஒரு இடம் இருப்பதைப் பேசுபவர்கள்தான் கண்டுபிடித்தார்கள். நூற்றிருபது சொல் உள்ள மொழியில்கூட மனிதர்கள் முதலில் தேடிப் போவது இந்த இடத்தைத்தான்.

லாதான் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. மொழியியலாளர் சூசெட் ஹேடன் எல்ஜின் 1982இல், பெண்களின் உணர்வுகளைச் சரியாகச் சொல்ல ஒரு மொழி எப்படி இருக்க வேண்டும் என்ற கேள்வியோடு இதை உருவாக்கினார். இதில் முன்னிலைச் சொல் தகுதியைப் பார்ப்பதில்லை, மனதைப் பார்க்கிறது. சாதாரணமாக 'நெ'. அன்புக்குரியவர் என்றால் 'நா', மதிப்புக்குரியவர் என்றால் 'நி', வெறுக்கத்தக்கவர் என்றால் அதற்கும் ஒரு வடிவம். மற்ற மொழிகள் 'நீ எனக்கு மேலா கீழா' என்று கேட்கும் இடத்தில் இது 'உன்னைப் பற்றி என் மனதில் என்ன இருக்கிறது' என்று கேட்கிறது. பேசத் தொடங்கும் முன்பே அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். சுலபமான மொழி இல்லை இது.

திரைக்காகவும் கதைக்காகவும் உருவான மொழிகளில் வேலை பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது. பெயர்கள் முதலில் வந்துவிடும், மொழி பின்னால் வரும். 'அவதார்' படத்துக்காக நாவி மொழியை உருவாக்கிய பால் ஃப்ரோமரிடம் இயக்குநர் கொடுத்தது ஏறக்குறைய முப்பது சொற்கள், பெரும்பாலும் பெயர்கள். அவற்றின் ஒலியிலிருந்துதான் அவர் மீதியை வளர்த்தார். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடருக்காகத் தொத்ராக்கி மொழியை உருவாக்கிய டேவிட் பீட்டர்சனுக்கும் கையில் இருந்தவை நாவலில் ஏற்கெனவே வந்திருந்த சில பெயர்களும் சொற்களும். ஆண் பெயர்கள் 'ஒ'வில் முடிகின்றன, பெண் பெயர்கள் 'இ'யில் முடிகின்றன என்பதைக் கவனித்து அதையே மொழியின் பெயர் மரபாக்கிவிட்டார். எழுத்தாளர் காதுக்கு இதமாக வைத்த பெயர்களைப் பிறகு வந்த மொழியியலாளர் தொல்பொருள் போலத் தோண்டி எடுத்து, இதிலிருந்து எப்படிப்பட்ட இலக்கணம் இருந்திருக்கும் என்று ஊகிக்கிறார். இந்த வேலையில் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. நாவியில் ஒருவரின் முழுப் பெயரில் வம்சமும், இன்னாரின் மகன் அல்லது மகள் என்பதும் பின்னொட்டாக வரும். கூப்பிட முன்னால் 'மா' சேரும். சடங்கான இடங்களுக்குத் தன்னைத் தாழ்த்திச் சொல்ல ஒரு 'நான்', எதிரே இருப்பவரை உயர்த்த ஒரு 'நீங்கள்' தனியாக உண்டு. தொத்ராக்கியிலும் மரியாதை முன்னிலை தனி. 'ஸ்டார் ட்ரெக்' படங்களுக்காக மார்க் ஓக்ராண்ட் உருவாக்கிய கிளிங்கானில் எல்லோருக்கும் ஒரே 'நீ', மரியாதை தர வேண்டுமென்றால் வினைச்சொல்லின் வாலில் ஒரு விகுதி. அதையும் அடிக்கடி யாரும் பயன்படுத்துவதில்லை, கட்டாயமும் இல்லை.

பெயரிடும் மரபை மட்டும் எடுத்துக்கொண்டால் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிய டோல்கியன் தன் கதைகளில் வரும் எல்ஃப் மக்களுக்கு வகுத்ததைப் போல ஆழமானது வேறு எதையும் நான் பார்க்கவில்லை. ஒருவருக்குப் பல பெயர்கள். குழந்தை பிறந்ததும் அப்பா ஒரு பெயர் வைத்து அறிவிப்பார். அம்மா ஒரு பெயர் வைப்பார், சில சமயம் பிள்ளையின் இயல்பையோ வருங்காலத்தையோ உள்ளூர உணர்ந்து வைப்பது அது. வளர்ந்த பிறகு ஊரார் புகழ்ந்தோ அன்பாகவோ தரும் பெயர் இன்னொன்று. இதுவரை உலகத்தில் எங்கேயும் கேட்டிருக்கக்கூடியதுதான். ஆனால் நடுவில் ஒரு பெயர் இருக்கிறது, பிள்ளை தனக்குத் தானே வைத்துக்கொள்ளும் பெயர். அதற்கு வயதைக் கணக்குப் பார்த்து நாள் குறிப்பதில்லை. மொழியின் ஒலிகளில் தனக்கென ஒரு ருசி அந்தப் பிள்ளைக்கு வந்துவிட்டதா என்று பார்ப்பார்கள். அந்த ருசிக்கு அவர்கள் மொழியில் 'லாமத்யாவெ' என்று தனிச் சொல்லே இருக்கிறது. எந்த ஓசை தன் காதுக்கு இனிக்கிறது என்று தெரிந்த பிறகுதான் பிள்ளை தன் பெயரைத் தேர்ந்தெடுக்கும், அல்லது புதிதாகச் செய்யும்.

அந்தப் பெயர் ரகசியம் இல்லை, ஆனால் சொந்தச் சொத்து. கையில் போட்டிருக்கும் மோதிரம் மாதிரி. எல்லோருக்கும் தெரிந்திருக்கலாம், ஆனால் நெருங்கியவர்களைத் தவிர மற்றவர் உரிமை கொடுக்காமல் அதைச் சொல்லி அழைத்தால் அவமதிப்பு. பெயரிடும் சடங்கும் கூப்பிடும் ஒழுங்கும் ஒரே இடத்தில் சேர்வது இங்கேதான். பெயர்களின் பட்டியலை மட்டும் எழுதிவிட்டு நிறுத்தியிருந்தால் அது வெறும் அலங்காரம். எந்தப் பெயரை யார் சொல்லலாம், யார் சொன்னால் தவறு என்று எழுதியவுடன் அதற்குள் மக்கள் வந்துவிடுகிறார்கள்.

நான் என் நோட்டில் செய்திருந்த தவறு இதைப் படித்தபோதுதான் புரிந்தது. என்னிடம் ஒரு பெயர்ப் பட்டியல் இருந்தது, நல்ல ஓசையுள்ள நாற்பது பெயர்கள், எதற்கும் பொருள் இல்லை, எதையும் யாரும் யாருக்கும் வைக்கவில்லை. மரியாதைக்கு மூன்று படிநிலை வைத்திருந்தேன், மூன்றும் எங்கே பிரிகின்றன என்று கேட்டால் பதில் கிடையாது. புதிதாக மொழி உருவாக்குபவர்கள் பலரும் இதைச் செய்கிறோம் என்று நினைக்கிறேன். சொந்த மொழியில் இருப்பதை அப்படியே நகலெடுப்பது, அல்லது வித்தியாசமாக இருக்க வேண்டும் என்பதற்காக ஏழெட்டு முன்னிலை வைப்பது. இரண்டிலும் ஆட்கள் இல்லை.

நாற்பது பெயர்களையும் அடித்துவிட்டேன். முன்னிலையை ஒன்றாகக் குறைத்தேன், ஜமென்ஹோஃபுக்கு நன்றி. பெயர் இரண்டு வகை என்று முடிவு செய்தேன்: வெளியில் சொல்வது ஒன்று, வீட்டுக்குள் மட்டும் சொல்வது ஒன்று. வீட்டுப் பெயரை எங்கே வேண்டுமானாலும் வெட்டிச் சுருக்கலாம், வெளிப் பெயரில் ஒரு ஒலியைக்கூடக் குறைக்கக்கூடாது. பெயர் தெரியாதவரை அவர் அப்போது செய்யப் போகும் செயலால் அழைப்பது இந்த மக்களின் வழக்கம் என்றும் எழுதினேன். ஆறும் படகும் நடையுமாக வாழ்பவர்களுக்கு அது பொருந்தும் என்று தோன்றியது.

அதனால் படகோட்டி இப்போது 'அக்கரை காணப் போகிறவரே' என்று கூப்பிடுகிறான். மூதாட்டி ஏறி உட்காருகிறார். பாதி ஆறு தாண்டியதும் தன் பெயரைச் சொல்கிறார், வெளிப் பெயரை. அவன் அதைத் திருப்பிச் சொல்லிப் பார்க்கிறான், கடைசி ஒலியை விழுங்கிவிடுகிறான். அவர் அந்த ஒலியை மட்டும் மெதுவாக இன்னொரு முறை சொல்லிக் காட்டுகிறார்.